குதிரை மசால்: புரட்டாசி அறுப்பை எந்த வாரத்தில் வைப்பது?

குதிரை மசால் என்னும் தீவனப் பயிர் முதல் வருடம் பெரும்பாலும் எல்லாருக்கும் நன்றாகத்தான் வருகிறது. இரண்டாம் வருடம் தைப்பொங்கல் தாண்டியதும் பாத்தியில் அங்கங்கே வழுக்கை விழுகிறது. அந்த வழுக்கையில் கோரையும் அருகும் ஏறிக்கொள்கின்றன. விதை சரியில்லை, போர் தண்ணீர் உப்பு, உரம் பற்றவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதெல்லாம் இருக்கலாம். ஆனால் நிறையத் தோட்டங்களில் அந்த வழுக்கை, அதற்கு மூன்று மாதம் முன்னால், புரட்டாசிக்கும் கார்த்திகைக்கும் நடுவே அரிவாள் வைத்த நாளிலேயே தொடங்கிவிட்டது.

புதிதாக மசால் போடுகிறவர் பயிர் முழங்கால் உயரம் வந்ததா என்று பார்த்து அறுக்கிறார். அதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அறுத்த நாளிலிருந்து அடுத்த மூன்று வாரம் இந்த மண்ணும் வானமும் எப்படி இருக்கும்? அறுப்புத் தேதியை முடிவு செய்ய வேண்டியது அந்த மூன்று வாரம்தான். ஏன் என்பது வேரைத் தோண்டிப் பார்த்தால் விளங்கும்.

அதற்கு முன் ஒரு தெளிவு. மசால் என்ற பெயரில் மூன்று பயிர்கள் இங்கே புழங்குகின்றன. வேலி மசால் புதர்போல நிற்கும், விதை உதிர்ந்து தானே முளைத்துக்கொள்ளும். முயல் மசால் மானாவாரிக் காட்டிலும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்திலும் தூவிவிடுவது. இந்தக் கட்டுரை ஊதாப் பூப் பூக்கிற, மூன்று மூன்று இலையாக வருகிற, இறவைத் தோட்டத்தில் பாத்தி கட்டி வளர்க்கிற குதிரை மசாலைப் பற்றியது மட்டுமே. மற்ற இரண்டுக்கும் அறுப்புக் கணக்கு வேறு.

வேருக்குள் இருக்கும் இருப்பு

குதிரை மசாலுக்கு ஒரே ஆணிவேர். மண் ஆழமாக இருந்தால் ஆறேழு அடிக்குக் கீழேயும் போகும். மண்மட்டத்தில் தண்டுகள் எல்லாம் கூடும் முடிச்சைத் தூர் என்போம். அறுத்த பிறகு வரும் தளிர் பெரும்பாலும் தூரில் உள்ள மொட்டுகளிலிருந்து வருகிறது. கொஞ்சம் தாளின், அதாவது அறுத்தபின் நிற்கும் அடித்தண்டின், கணுவிலிருந்தும் வரும்.

பயிரை அறுத்தவுடன் செடிக்கு இலை இல்லை. இலை இல்லையென்றால் வெயிலைப் பிடித்து உணவு சமைக்க வழியில்லை. ஆனாலும் நாலைந்து நாளில் தளிர் எட்டிப் பார்க்கிறதே, அது எதைத் தின்று வளர்கிறது? ஆணிவேரிலும் தூரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தையும் புரதத்தையும்தான். அறுப்பு முடிந்த உடனே வேர் முடிச்சுகளும் தழைச்சத்துப் பிடிக்கும் வேலையை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும்; அது பழைய நிலைக்கு வரவே இரண்டு வாரம்போல ஆகும். ஆக அறுத்த முதல் இரண்டு வாரம் இருப்பு இறங்கிக்கொண்டே போகும். தளிர் ஒரு சாண் உயரம், அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர், வந்த பிறகுதான் இலை தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டு மீதியை வேருக்கு அனுப்பத் தொடங்கும். அங்கிருந்து பூக்கும் வரை இருப்பு ஏறும். முழுப் பூவில் வேர் ஏறக்குறைய நிறைந்திருக்கும்.

இந்தக் கணக்கு புதிதல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிரேபரும் கூட்டாளிகளும் 1927-லேயே இதை விரிவாக எழுதிவிட்டார்கள். அடிக்கடி அறுத்த பாத்தியில் வேர் மெலிந்து, தளிர் குன்றி, களை ஏறியதை அவர்கள் அன்றே காட்டினார்கள். நம் தோட்டத்தில் தை மாதம் காண்பதும் அதேதான்.

இருப்பு இறங்கிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு வாரத்தில் செடிக்கு வேறு எந்த அடி விழுந்தாலும் தாங்காது. மறுபடி அறுத்தாலும், ஆடு மேய்ந்தாலும், வேரடியில் தண்ணீர் நின்றாலும் அந்தத் தூர் செத்துப் போகலாம். சாகாவிட்டால் அடுத்த அறுப்பில் நாலு தண்டு வர வேண்டிய இடத்தில் ஒன்று வரும்.

குளிர்நாட்டுத் தேதியை இங்கே கொண்டு வராதீர்கள்

மசாலைப் பற்றிய காணொளிகளில் பெரும்பகுதி அமெரிக்கா, கனடாக்காரர்களுடையது. இலையுதிர்காலத்தில் கொல்லும் உறைபனி வருவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பே அறுப்பை நிறுத்து என்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அது முழுக்கச் சரி. அந்த நேரத்தில் அறுத்தால் வேர் தன் இருப்பைச் செலவழித்துத் தளிர் விடும். தளிர் அந்தக் கடனை அடைப்பதற்குள் சுழியத்துக்குக் கீழே 4 பாகை வாக்கில் குளிர் இறங்கித் தளிரைக் கருக்கிவிடும். வேர் காலியாகவே பனிக்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்து, வசந்தத்தில் எழ முடியாமல் போகும். கொல்லும் உறைபனி விழுந்த பிறகு அறுத்தால் அவர்களுக்குக் கேடு குறைவு. செடி அப்போது உறங்கிவிட்டதால் தளிர் விடாது, இருப்பு கரையாது. அப்போதும் 15 சென்டிமீட்டர் தாளை நிற்கவிடுவார்கள், பனியைப் பிடித்து வைத்துத் தூருக்குப் போர்வையாக இருக்கட்டும் என்று.

கொங்கு நாட்டில் மார்கழிப் பனி புல் நுனியை நனைக்கும், அவ்வளவுதான். உறைபனி பார்க்க ஊட்டிக்குத்தான் ஏற வேண்டும். நாம் விதைக்கும் ரகங்களும் குளிரில் உறங்கும் ரகங்கள் அல்ல. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்த கோ 1 வருடம் முழுக்கத் தழைக்கும். அதனால் நமக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. குளிர்காலத்திலும் தீவனம் கிடைப்பது வசதி. செடி எப்போதும் உறங்காததால், 'இனி அறுத்தாலும் வேருக்குச் செலவில்லை' என்று சொல்ல நம்மிடம் ஒரு நாளும் இல்லாதது சங்கடம். எந்த மாதத்தில் அரிவாள் வைத்தாலும் வேர் செலவழித்தே ஆகும்.

உறைபனியின் இடத்தில் நமக்கு இருப்பது மழை. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கமெல்லாம் வருடத்தின் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில், ஐப்பசி பிறந்த சில நாளில் தொடங்கும். அந்தச் சமயத்தில் செடிக்கு மூன்று அடி ஒன்றாக விழுகிறது. மண்ணில் காற்று குறைந்து வேர் மூச்சு முட்டும்; வெயில் குறைந்து இலையின் சமையல் மெதுவாகும்; ஈரத்தில் இலைப்புள்ளி நோயும் துரு நோயும் ஏறி இருக்கும் இலையும் கொட்டும். வேர் நிறைந்து, தழை நிமிர்ந்து நிற்கிற செடி இவற்றைத் தாண்டிவிடும். நேற்று அறுத்த தூர் தாண்டுவது கடினம்.

புரட்டாசிக் கணக்கு

மழை தொடங்கும்போது பாத்தியில் குறைந்தது ஒரு சாண் தழை நிற்க வேண்டும். இதுதான் பின்னோக்கி எண்ண வேண்டிய புள்ளி. ஐப்பசி 3 மழை என்று வைத்துக்கொண்டால், மூன்று வாரம் பின்னால் போனால் புரட்டாசி 12 வருகிறது. ஆகவே மழைக்கு முந்திய அறுப்பை புரட்டாசி 5-லிருந்து 15-க்குள், அதாவது செப்டம்பர் மூன்றாம் வாரக் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் தேதி வரை, முடித்துவிடுங்கள். அந்த அறுப்பையும் பூ எட்டிப் பார்த்த பிறகே செய்யுங்கள். ஆவணியில் அவசரப்பட்டு இளசாக அறுத்துவிட்டு, புரட்டாசியில் மறுபடி அறுத்தால் வேர் இரண்டு கடனோடு மழைக்குள் போகும்.

புரட்டாசி 20-ஐத் தாண்டிவிட்டதா? அப்படியே விடுங்கள். பயிர் முற்றி, தண்டு கொஞ்சம் தடித்தாலும் பரவாயில்லை. தீவனத்தின் தரம் ஓர் அறுப்புக்குக் குறையும். தூர் பிழைத்தால் அதற்குப் பின் இருபது அறுப்பு கிடைக்கும்.

அடுத்த அறுப்பு 35 நாளில், ஏறக்குறைய ஐப்பசி 20 வாக்கில் வரும். இதைத் தேதி பார்த்துச் செய்யாதீர்கள், வானம் பார்த்துச் செய்யுங்கள். இரண்டு மழைக்கு நடுவே வெயில் அடித்து, மேல்மண் காலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் அறுக்கலாம். நாலு அங்குல ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிடியுங்கள். பிடித்த உருண்டை விரலால் தட்டியதும் உதிர்ந்தால் அறுக்கலாம். பிசைந்த மாவுபோல நின்றால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். ஈரமண்ணில் ஆள் நடந்தும், தழைக்கட்டை ஏற்றப் பைக்கை உள்ளே விட்டும் தூரை மிதித்து நசுக்குவது, அறுப்பைவிடப் பெரிய சேதம்.

கார்த்திகைக் கடைசி அல்லது மார்கழி அறுப்பில் செடிக்கு ஒரு விடுமுறை கொடுங்கள். பாதித் தண்டு பூக்கும் வரை நிற்கட்டும், 40 நாள் ஆனாலும் சரி. மழை நின்று, வெயில் தெளிந்து, இரவு குளிர்ந்திருக்கும் அந்த வாரங்களில் வேர் நிறைவது போல வருடத்தில் வேறு எப்போதும் நிறையாது. பகலில் சமைத்ததை இரவு வெப்பத்தில் மூச்சாக விட்டுத் தொலைக்கிற சித்திரை நிலைமை அப்போது இல்லை. தை, மாசியில் வழக்கமான அறுப்புக்குத் திரும்பலாம். பங்குனியில் இன்னொரு முறை பூக்கவிட்டு அறுத்தால், கத்திரி வெயிலுக்குள் வேர் கையில் காசோடு போகும்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆடியிலும் மழை உண்டு. அங்கே இதே பின்னோக்கிய எண்ணிக்கையை ஆனிக்கும் ஒரு முறை செய்ய வேண்டியிருக்கும்.

தினம் கொஞ்சம் அறுப்பவர்களுக்கு

இங்கே மசால் வைத்திருப்பவர்களில் மிகுதிப்பேர் ஒரே நாளில் மொத்தமாக அறுப்பதில்லை. காலையில் மாட்டுக்கு வேண்டியதை மட்டும் ஒரு பாத்தி அறுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் மழை வரும் நாளில் ஏதாவது ஒரு பாத்தி புதிதாக அறுத்ததாகத்தான் இருக்கும். அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் எந்தப் பாத்தி என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்.

தோட்டத்தைச் சுற்றி வந்து, போன வருட மழையில் தண்ணீர் நின்ற பாத்திகளுக்கு ஒரு குச்சி நட்டுவையுங்கள். கரிசல் பாத்தி, வாய்க்காலின் கடைமடை, அடியில் சுக்கான் கல் இறுகிக் கிடக்கும் இடம், இவை முதல் வரிசை. புரட்டாசித் தொடக்கத்தில் சுற்று வரிசையை மாற்றி இவற்றை முதலில் அறுத்துவிடுங்கள். மழை வரும்போது இவற்றில் பயிர் உயர்ந்து நிற்கும். செம்மண் மேடு, சரளை கலந்த வடிகால் நல்ல பாத்திகளை ஐப்பசிக்கு ஒதுக்குங்கள். அங்கே அறுத்த மறுநாள் மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும். உரச் செலவு, மருந்துச் செலவு எதுவும் இல்லாமல் இந்த ஒரு வரிசை மாற்றமே பாதி வழுக்கையைத் தடுக்கும் என்பது எங்கள் எண்ணம்.

பரப்புக் கணக்கையும் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். கோ 1 ரகத்துக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 80 முதல் 100 டன் பச்சைத் தீவனம், ஏறக்குறைய 10 அறுப்பில் என்பது பரிந்துரைக் கணக்கு. நல்ல தோட்டத்தில் ஓர் அறுப்புக்கு ஏக்கருக்கு மூன்றரை டன், சென்ட்டுக்கு 35 கிலோ என்று வரும். ஐந்து கறவை மாட்டுக்குத் தலைக்கு 6 கிலோ என்றால் தினம் 30 கிலோ. தினம் ஒரு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். 28 சென்ட் போட்டால் 28 நாள் சுற்று சரியாக ஓடும். மழைக்காலத்தில் அது 35 நாள் ஆக வேண்டும், விளைச்சலும் சென்ட்டுக்கு 25 கிலோவுக்கு இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 28 சென்ட்டில் தினம் 0.8 சென்ட்தான் அறுக்க முடியும், கிடைப்பது 20 கிலோ. பற்றாத 10 கிலோவுக்குத்தான் ஆள் அடுத்த பாத்திக்குள் இறங்குகிறார், 22 நாள் பயிரை அறுக்கிறார். அங்கேதான் கேடு ஆரம்பம்.

ஆகவே ஐந்து மாட்டுக்கு 40 சென்ட் போடுங்கள். முடியாதவர்கள் ஆடியிலேயே பக்கத்தில் தீவனச்சோளம் விதைத்துவிடுங்கள், அல்லது கம்பு நேப்பியர் புல்லின் கரணை நட்டுவையுங்கள். மாட்டுக்கும் அதுதான் நல்லது. பச்சைத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மசால் போகக் கூடாது. மழைத் தண்ணீரில் வெடித்துக் கிளம்பிய இளம் மசாலைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டால் வயிறு உப்பி மாடு சாய்ந்துவிடும். முதலில் சோளத்தட்டு, பிறகு வெயிலில் இரண்டு மணி நேரம் வாட்டிய மசால்.

அறுக்கும் விதம்

பூ பார்த்து அறுப்பது பொது விதி: பத்துத் தண்டில் ஒன்று பூத்ததும். மேகமூட்டமான மாதங்களில் பூ தாமதிக்கும், அப்போது பூவை மட்டும் நம்ப முடியாது. குனிந்து தூரை விலக்கிப் பாருங்கள். வெளிறிய பச்சையில், அரை விரல் நீளத்தில் புதுத் தளிர்கள் தூரிலிருந்து மேல் நோக்கிக் கிளம்பியிருந்தால் செடி அடுத்த சுற்றுக்குத் தயார். அந்தத் தளிர்களின் தலைக்கு மேலே அரிவாள் போக வேண்டும். தளிரையும் சேர்த்து அறுத்துவிட்டால், ஏற்கெனவே செலவழித்த இருப்பு வீண். செடி இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வழக்கமாக மண்ணிலிருந்து மூன்று விரற்கடை, 5 முதல் 7 சென்டிமீட்டர் விட்டு அறுக்கலாம். புரட்டாசி முதல் கார்த்திகை வரை நாலைந்து விரற்கடை, 8 முதல் 10 சென்டிமீட்டர் விடுங்கள். தாளில் ஒட்டியிருக்கும் நாலு இலை முதல் வாரத்துக்குத் துணை. அரிவாள் கூராக இருக்கட்டும். புல்வெட்டும் எந்திரத்தில் நைலான் நரம்பு போட்டு அடித்தால் தாள் நார் நாராகக் கிழிந்து, அந்தக் கிழிசல் வழியே அழுகல் இறங்கும். தகடு போட்டு வெட்டுங்கள்.

அறுத்த பாத்திக்குள் ஆட்டை விடாதீர்கள். மாடு தாளோடு நிறுத்தும். ஆடு தூரிலிருந்து எழும் மொட்டைத் தேடித் தின்னும்.

இதில் விதிவிலக்கு ஒன்று உண்டு. தொடர் ஈரத்தில் இலைப்புள்ளி விழுந்து, கீழ் இலைகள் பாதிக்குமேல் கொட்டிவிட்டால் பூவுக்குக் காத்திருப்பதில் பொருளில்லை. இலை இல்லாத தண்டு வேருக்கு எதையும் அனுப்பாது. மழை இடைவெளி கிடைத்ததும் உயரமாக அறுத்து எடுத்துவிடுங்கள்.

வேரைக் கேட்டுப் பாருங்கள்

இருப்பு எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். பாத்தியின் நடுவிலிருந்து ஒரு செடியைக் கடப்பாரையால் ஓரடி ஆழத்துக்குப் பெயர்த்து எடுங்கள். தூருக்குக் கீழே மூன்று விரல் தள்ளி, ஆணிவேரைக் கூரான கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். வெட்டுமுகம் வெள்ளையாக, முள்ளங்கி போல விறைப்பாக இருந்தால் நல்லது. பழுப்பேறி, நடுவில் நார்போலப் பிரிந்து, அமுக்கினால் தண்ணீர் கசிந்தால் அந்தச் செடி நாள் எண்ணுகிறது.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் மருந்துக் கடையில் புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தை வாங்கி, ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். முதலில் சோற்றுக் கஞ்சியில் ஒரு சொட்டு விட்டுச் சரிபார்க்க வேண்டும். கஞ்சி கருநீலமானால் மருந்து வேலை செய்கிறது. பிறகு வேரின் வெட்டுமுகத்தில் தடவி, இரண்டு நிமிடம் கழித்துத் தண்ணீரில் அலசுங்கள். மாவுச்சத்து இருக்கும் இடம் கருத்து நிற்கும். நிறைந்த வேரில் அது வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நடுவிலிருந்து ஓரத்துக்குக் கருங்கோடுகளாகத் தெரியும். அறுத்து இரண்டு வாரமான செடியின் வேரில் அதே ஆரக்கால்கள் வெளிறி, சில இடத்தில் மருந்தின் மஞ்சள் மட்டும் தங்கும். பூத்து நிற்கும் பாத்தியிலிருந்து ஒன்று, இரண்டு வாரத் தளிர்ப் பாத்தியிலிருந்து ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிறகு யாரும் 20 நாளில் அறுக்க மாட்டார்கள்.

மருந்து வேண்டாம் என்பவர்களுக்குப் பானை இருக்கிறது. மேடான இடத்தில் இரண்டு மூன்று செடிகளை ஒட்ட அறுத்து, அவற்றின்மேல் பழைய மண்பானையைக் கவிழ்த்து, விளிம்பில் சேறு பூசி வெளிச்சம் புகாமல் அடையுங்கள். 15 நாள் கழித்துத் திறந்தால் உள்ளே மஞ்சளாக, நூல்போலத் தளிர் வந்திருக்கும். வெளிச்சமே இல்லாமல் வந்த தளிர் முழுக்க வேரின் இருப்பிலிருந்து வந்தது. நன்றாக நிறைந்த பாத்தியில் கொத்தாக, நீளமாக வரும். மெலிந்த பாத்தியில் ஒன்றிரண்டு குட்டைத் தளிரோடு நின்றுவிடும். ஒரே தோட்டத்தின் இரண்டு பாத்திகளை ஒப்பிட இதைவிட எளிய வழி இல்லை.

தண்ணீரும் உரமும்

வாரம் ஒரு தண்ணீர் என்பது பொதுப் பழக்கம். அறுத்த அன்றைக்கே பாய்ச்சாதீர்கள். நாலு நாள் விட்டு, தளிர் கண்ணில் பட்டதும் பாய்ச்சினால் போதும். சித்திரை வெயிலில் அறுத்த பாத்தியில் தண்ணீர் தேங்கிச் சூடேறினால் ஒரே பகலில் வேர் வெந்து போகும். மழைக்காலத்தில் இதே காரியம் மெதுவாக நடக்கிறது. ஐப்பசி பிறப்பதற்குள் வடிகால் வெட்டிவிடுங்கள். பாத்திக்குப் பாத்தி வரப்பை உடைத்து, முக்கால் அடி ஆழத்தில் கடைசி வரை ஒரு வாய்க்கால். பெய்த மழை அரை நாளுக்குள் வெளியேற வேண்டும்.

பரிந்துரை உரம் ஹெக்டேருக்குத் தழை 25, மணி 120, சாம்பல் 40 கிலோ. ஏக்கருக்கு மாற்றினால் யூரியா 22 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 300 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ, இவற்றோடு 10 டன் தொழுவுரம். யூரியாவைப் பார்த்ததும் அதிகம் போடத் தோன்றும், வேண்டாம். அறுத்ததும் யூரியா வீசினால் வேர் முடிச்சு சோம்பும், கோரைதான் கொழுக்கும். விதைக்கும்போது மசாலுக்கு உரிய ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கலந்திருந்தால் தழைச்சத்தைச் செடியே பார்த்துக்கொள்ளும். உளுந்து ரைசோபியம் இதற்கு ஆகாது. சாம்பல் சத்து அப்படியல்ல. ஐந்து டன் பச்சைத் தீவனம் வெளியே போனால் அதோடு ஏறக்குறைய 25 கிலோ சாம்பல் சத்தும் போகிறது. மாவுச்சத்தை வேருக்குக் கொண்டு சேர்க்க அது வேண்டும். மண் பரிசோதனையில் சாம்பல் குறைவென்று வந்தால், ஆவணியில் ஒரு பங்கு பொட்டாஷ் போட்டுவிட்டு மழைக்குள் போங்கள்.

இன்னும் விதைக்காதவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆடி முதல் மார்கழி வரை விதைக்கலாம், கனமழை நாட்கள் நீங்கலாக. ஏக்கருக்கு 8 கிலோ, ஓரடிக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் வரிசையாக. முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில். ஆவணிப் பிறப்பில் விதைத்தால் அந்த 80-ஆம் நாள் ஐப்பசி நடுவில், மழையின் மையத்தில் வந்து நிற்கும். பென்சில் கனம்கூட வராத வேர் அது. அந்த வருடம் மட்டும் நாளை எண்ணாமல், நன்றாகப் பூத்த பிறகு மழை இடைவெளியில் முதல் அறுப்பை எடுங்கள். விதை வாங்கும்போது அம்மையார் கூந்தல் என்னும் ஒட்டுண்ணிக் கொடியின் விதை கலக்காத விதையாகப் பாருங்கள். அது பற்றிக்கொண்டால் வேருக்குப் போக வேண்டிய சர்க்கரையைத் தண்டிலேயே உறிஞ்சிவிடும். மஞ்சள் நூல் கண்ணில் பட்டால் செடியோடு அறுத்து எரிப்பதைத் தவிர வழியில்லை.

மழைக்குப் பின் எண்ணிப் பார்ப்பது

கார்த்திகையில் தூரடியில் வெள்ளை நூல்போலப் பூசணமும், அதில் கடுகளவு பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் அது தூரழுகல். அந்தச் செடிகளைச் சுற்றுமண்ணோடு அள்ளித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். உருண்டைகள் மண்ணில் கிடந்து அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். அறுத்த அரிவாளையும் கழுவி வெயிலில் வையுங்கள்.

தை அறுப்புக்கு முன், கம்பியை வளைத்து ஓரடிக்கு ஓரடி சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். தழை ஒரு சாணுக்கு வந்தபோது பத்து இடத்தில் சட்டத்தைப் போட்டு உள்ளே இருக்கும் தண்டுகளை எண்ணுங்கள். குளிர்நாடுகளில் சதுர அடிக்கு 55 தண்டுக்கு மேல் இருந்தால் முழு விளைச்சல், 40-க்குக் கீழே போனால் உழுதுவிடு என்பார்கள். நமக்கும் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் உதவும். செடிகளை எண்ணாதீர்கள், தண்டுகளை எண்ணுங்கள்: நாலு நல்ல தூர் இருபது மெலிந்த செடிக்குச் சமம்.

40-க்குக் கீழே இறங்கிவிட்டால் வழுக்கையில் புது விதை தூவிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். வளர்ந்த மசாலின் தழையும் வேரும் மண்ணில் விடும் பொருட்கள் புது மசால் நாற்றின் வேரைக் கருக்கிவிடும். முளைத்தது போலத் தெரிந்து ஒரு மாதத்தில் காணாமல் போகும். பாத்தியை உழுது, மக்காச்சோளமோ தீவனச்சோளமோ போடுங்கள். மசால் நின்ற மண்ணில் தழைச்சத்து நிறையவே இருக்கும், முதல் போகத்துக்கு யூரியாவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு வருடம் அப்படிப் போன பிறகு, அடுத்த ஆடியில் அந்த இடத்தில் மறுபடி மசால் விதைக்கலாம்.